பிளாக் மாடல்: பாறையைப் பெட்டி போட்டு எண்ணுவது

அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலைச் சுரங்கம் எதையாவது விளிம்பில் நின்று பார்த்திருக்கிறீர்களா? மேலே கரிசல் மண். அதன் கீழே களிமண்ணும் மணற்பாறையும். அப்புறம் சிப்பி ஓடுகள் அடை அடையாக ஒட்டிக்கிடக்கும் சுண்ணாம்புக்கல். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. கிரிஃபேயா என்ற தடித்த ஓட்டுச் சிப்பிகள் கூட்டம் கூட்டமாக வாழ்ந்து, செத்து, படிந்த அடுக்கு அது. நிலவியல்காரர்கள் அதைக் கல்லங்குறிச்சி அடுக்கு என்பார்கள்.

வேடிக்கை பார்ப்பவருக்கு அது வெளுத்த ஒரு சுவர். ஆலைக்காரருக்கு அங்கே ஒரு கேள்வி நிற்கிறது: அடுத்த மாதம் எந்த இடத்தில் வெட்டினால், என்ன தரத்தில், எத்தனை டன் கல் வரும்? அதற்குப் பதில் சொல்லத்தான் சுரங்கத் திட்டமிடுகிறவர்கள் கணினியில் பிளாக் மாடல் போடுகிறார்கள்.

பெயர்தான் மிரட்டும், விஷயம் எளிது. மைசூர்பாகைத் தட்டில் வில்லை போடுவதுபோலப் பூமியை வெட்டுகிறோம். நெடுக்கும் குறுக்கும் மட்டுமில்லாமல் மேலிருந்து கீழாகவும். ஒவ்வொரு வில்லைக்கும் ஒரு முகவரி, சில எண்கள். முகவரி என்பது பெட்டியின் நடுப்புள்ளி: கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு, கடல் மட்டத்திலிருந்து எந்த உயரம். எண்கள் என்பவை கால்சியம் ஆக்ஸைடு எத்தனை சதவீதம், சிலிக்கா எத்தனை, மக்னீசியம் ஆக்ஸைடு எத்தனை, அடர்த்தி என்ன, பாறை எந்த வகை என்பவை. திரையில் வண்ணவண்ணமாகச் சுழற்றிக் காட்டினாலும் அடியில் இருப்பது ஒரு நீளமான அட்டவணைதான். ஒரு வரிசைக்கு ஒரு பெட்டி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இடம் 2 கிலோமீட்டர் நீளம், 1 கிலோமீட்டர் அகலம், 60 மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி 25 மீட்டருக்கு 25 மீட்டர், உயரம் 6 மீட்டர். அப்படியானால் 80 × 40 × 10, மொத்தம் 32,000 பெட்டிகள். ஒரு பெட்டியின் கனஅளவு 3,750 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.4 டன் என்று அடர்த்தி வைத்தால் ஒரு பெட்டியில் 9,000 டன் கல்.

அந்த 9,000 டன்னை யாரும் பார்த்ததில்லை. நமக்குக் கிடைப்பது துளை போட்டு எடுத்த கோர், அதாவது உருளை வடிவக் கல் துண்டுகள். பரவலாகப் பயன்படும் என்கியூ அளவுக் கோரின் விட்டம் 4.76 சென்டிமீட்டர். ஐம்பது மீட்டருக்கு ஒரு துளை என்று போட்டால் ஒவ்வொரு துளையும் 2,500 சதுர மீட்டர் நிலத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும். கோரின் குறுக்குப் பரப்போ சுமார் 18 சதுர சென்டிமீட்டர். வகுத்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட 14 லட்சத்தில் ஒரு பங்கு. திரையில் இடைவெளியே இல்லாமல் நிரம்பியிருக்கும் மாடலில் நாம் கையால் தொட்டுப் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் கணக்குப் போட்ட ஊகம். இதை மனதில் வைத்துக்கொண்டு மென்பொருளைத் திறந்தால் பாதிப் பிழைகள் வராது.

மென்பொருள் என்றால் சர்பேக், டேட்டாமைன், வல்கன், மைக்ரோமைன், லீப்ஃபிராக் என்று பல இருக்கின்றன. எதில் கற்றுக்கொள்வது என்று புதியவர்கள் நிறையக் கவலைப்படுகிறார்கள். மெனு மாறும், கோப்பின் பெயர் மாறும், செய்கிற வேலை ஒன்றுதான்.

முதலில் அட்டவணைகள்

துளைத் தகவல் நான்கு அட்டவணைகளாக உள்ளே போகும். துளையின் வாய் எங்கே இருக்கிறது என்பது காலர். துளை எந்தத் திசையில், எந்தச் சாய்வில் இறங்குகிறது என்பது சர்வே. எத்தனையாவது மீட்டரிலிருந்து எத்தனையாவது மீட்டர்வரை என்ன தரம் என்பது அஸே. அதே இடைவெளியில் என்ன பாறை என்பது லித்தாலஜி. அரியலூர் போலக் கிட்டத்தட்டப் படுக்கையாகக் கிடக்கும் அடுக்குகளில் துளைகள் செங்குத்தாக இறங்குவதால் சர்வே அட்டவணை பெரிதாகத் தொல்லை தராது. கோலார் மாதிரிச் செங்குத்தாகச் சரிந்து இறங்கும் தங்க ரேகை என்றால் கதையே வேறு. அங்கே சாய்வில் சில டிகிரி பிசகினால் துளையின் அடி பல மீட்டர் தள்ளிப் போய்விடும்.

நான் தனியாகச் செய்த முதல் மாடலில் ஒரு துளை மட்டும் திரையில் காணவில்லை. தேடியதில் காலர் அட்டவணையில் கிழக்கும் வடக்கும் இடம் மாறியிருந்தது. இடத்தை மீட்டர் கணக்கில் குறிக்கும் யூடிஎம் என்ற வரைபட முறையில் அரியலூர் வட்டாரத்தின் கிழக்கு எண் சுமார் 2.9 லட்சம், வடக்கு எண் சுமார் 12.3 லட்சம் மீட்டர். மாற்றிப் போட்டால் துளை இந்தியப் பெருங்கடலின் நடுவில் போய் நிற்கும். அங்கேதான் நின்றது. இந்த மாதிரிப் பிழை கண்ணில் பட்டுவிடுவதால் நல்ல பிழை என்றே சொல்வேன்.

கண்ணில் படாத பிழைதான் ஆளைக் கவிழ்க்கும். அஸே அட்டவணையில் சோதனை முடிவு இல்லாத இடத்தில் -99 என்று போடும் வழக்கம் உண்டு. 48, 50, 49 என்று மூன்று முடிவுகளோடு ஒரு -99 இருந்து, மென்பொருளுக்கு அது 'தகவல் இல்லை' என்று சொல்ல மறந்துவிட்டால் சராசரி 49-க்குப் பதிலாக 12 வரும். நூறு நல்ல முடிவுகளுக்கு நடுவில் ஒரே ஒரு -99 ஒளிந்திருந்தால் சராசரி ஒன்றரைச் சதவீதம் மட்டுமே இறங்கும்; யாருக்கும் சந்தேகமே வராது. வெற்றிடத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்வதும் இதே வகைதான்.

இன்னொரு சோதனை வேதியியலே தருகிறது. அப்பழுக்கில்லாத கால்சியம் கார்பனேட்டில் கால்சியம் ஆக்ஸைடு 56 சதவீதம், மீதி கரியமில வாயு. ஆகவே சுண்ணாம்புக்கல் அஸேயில் 62 என்று ஓர் எண் இருந்தால் அது தட்டச்சுப் பிழை அல்லது ஆய்வகப் பிழை. விவாதமே வேண்டாம்.

அடுத்து காம்போசிட். கோரை வெட்டி அனுப்பும்போது துண்டுகளின் நீளம் ஒரே மாதிரி இருக்காது. 2 மீட்டர் துண்டு ஒன்றில் 52 சதவீதம், அரை மீட்டர் துண்டு ஒன்றில் 38 சதவீதம் என்றால் நேர்ச் சராசரி 45. நீளத்தைக் கணக்கில் எடுத்தால் 49.2. இரண்டாவதுதான் சரி. அதனால் எல்லாத் துளைகளையும் ஒரே நீளத் துண்டுகளாக மாற்றிக்கொண்டுதான் மேலே போக வேண்டும். மென்பொருள் ஒரு நொடியில் செய்துவிடும்.

எது ஒரே பானை?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே பானை என்பதால் அது செல்லுபடியாகிறது. பக்கத்து அடுப்பில் இருக்கும் பருப்பு வெந்ததா என்பதை இந்தச் சோற்றை நசுக்கித் தெரிந்துகொள்ள முடியாது.

பாறையிலும் இதேதான். சிப்பிச் சுண்ணாம்புக்கல் அடுக்கில் எடுத்த மாதிரித் துண்டு, அதே அடுக்கின் அடுத்த பெட்டிக்குச் சாட்சி சொல்லலாம். அடியில் இருக்கும் மணல் கலந்த பாறைக்குச் சொல்லக் கூடாது. அதனால் முதலில் எது எது ஒரே பானை என்று பிரித்துக் கோடு போட வேண்டும். தொழிலில் அதை டொமைன் என்பார்கள். துளைகளின் குறுக்குவெட்டை ஒவ்வொன்றாகத் திரையில் வைத்து, அடுக்கின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் துளைக்குத் துளை இணைத்து, கடைசியில் முக்கோணங்களால் ஆன ஒரு மூடிய கூட்டை உண்டாக்குவார்கள். அதற்கு வயர்ஃப்ரேம் அல்லது சாலிட் என்று பெயர். கூட்டுக்குள் இருக்கும் பெட்டிக்குக் கூட்டுக்குள் இருக்கும் மாதிரிகள் மட்டுமே. நிலத்தின் மேற்பரப்புக்கும் ஒரு வலை உண்டு. அதற்கு மேலே இருக்கும் பெட்டிகளைக் காற்று என்று குறித்து ஒதுக்கிவிட வேண்டும். இதை மறந்து வானத்தில் சுண்ணாம்புக்கல் எண்ணியவர்கள் இருக்கிறார்கள்.

என் கணிப்பில் ஒரு மாடல் தேறுவதும் தேறாததும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. இது முழுக்க நிலவியல்காரரின் கண்ணையும் கையையும் நம்பிய வேலை. இரண்டு துளைகளில் களிமண் பட்டை வருகிறது, நடுத்துளையில் இல்லை. அது ஒரே பட்டை தேய்ந்து மறைந்ததா, இல்லை இரண்டு தனித்தனிப் பட்டைகளா? எந்தச் சூத்திரமும் பதில் சொல்லாது. கோர் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும், வெட்டுமுகத்தில் நின்று பார்க்க வேண்டும். இப்போதெல்லாம் கூட்டைத் தானாகவே வரைந்து தரும் மென்பொருள்கள் உண்டு. வேகமானவை, உபயோகமானவை. ஆனால் துளை இல்லாத பக்கம் கூடு பலூன்போல் உப்பிக்கொண்டு போவதையும் பார்த்திருக்கிறேன்.

பெட்டியின் அளவைப் பொறுத்தவரை புதியவர்கள் எல்லாரும் ஒரே தவறைச் செய்கிறார்கள்: சின்னதாகப் போட்டால் துல்லியம் கூடும் என்று நினைப்பது. மேலே சொன்ன இடத்தையே 5 × 5 × 2 மீட்டர் பெட்டிகளாக வெட்டினால் 24 லட்சம் பெட்டிகள் வரும். படம் வழவழவென்று அழகாக இருக்கும். ஆனால் துளைகள் 50 மீட்டர் இடைவெளியில்தானே இருக்கின்றன? அக்கம்பக்கத்துப் பெட்டிகள் எல்லாம் அதே நாலைந்து மாதிரிகளைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. புதிதாக ஒன்றும் தெரிந்துவிடவில்லை. துளை இடைவெளியில் பாதியிலிருந்து கால்பங்குக்குள் பெட்டி இருக்கட்டும் என்பது பரவலான கைக்கணக்கு. உயரத்துக்குச் சுரங்கத்தில் படிபடியாக வெட்டும்போது ஒரு படியின், அதாவது பெஞ்சின், உயரத்தையே எடுத்துக்கொண்டால் திட்டமிடுகிறவர் வாழ்த்துவார். அடுக்கின் ஓரங்களில் மட்டும் கூட்டின் வடிவம் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பெரிய பெட்டியைக் குட்டிப் பெட்டிகளாக உடைத்துக்கொள்ளலாம். சப்-பிளாக் என்பது அதுதான்.

பெட்டிக்குள் எண் வருவது எப்படி

கூடு தயார், வெற்றுப் பெட்டிகளும் தயார். இனி ஒவ்வொரு பெட்டிக்கும் சுற்றியுள்ள மாதிரிகளிலிருந்து ஒரு தரம் எழுத வேண்டும். மிகப் பழைய வழி, பக்கத்தில் இருக்கும் துளையின் எண்ணை அப்படியே போடுவது. அதைவிட மேலானது, பக்கத்தில் இருப்பதற்கு அதிக மதிப்பும் தள்ளி இருப்பதற்குக் குறைந்த மதிப்பும் கொடுப்பது. தூரத்தின் வர்க்கத்துக்குத் தலைகீழான எடை என்பது இதில் பிரபலம்.

மூன்று மாதிரிகள் இருக்கின்றன. 10 மீட்டரில் 50 சதவீதம், 20 மீட்டரில் 46, 40 மீட்டரில் 38. எடைகள் 1/100, 1/400, 1/1600. அதாவது 16 : 4 : 1. பெருக்கிக் கூட்டினால் 800 + 184 + 38 = 1,022. அதை 21-ஆல் வகுத்தால் 48.7. நேர்ச் சராசரி 44.7 தான். கிட்டத்தில் இருக்கும் நல்ல கல் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துவிட்டது.

நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் ஏன் வர்க்கம்? தூரத்தின் மூன்றாம் படியை எடுத்தால் வேறு விடை வருமே. 'உன் தரம் எவ்வளவு தூரம்வரை ஒரே மாதிரி இருக்கும்' என்று நாம் பாறையிடம் கேட்கவே இல்லையே. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே பக்கத்தில் ஒட்டிஒட்டி மூன்று துளைகள் இருந்தால், ஒரே செய்தியை மூன்று பேர் சொல்லக் கேட்டு மூன்று மடங்கு நம்பிவிடுகிறோம்.

இந்த இடத்தில்தான் டேனி கிரிகே வருகிறார். தென்னாப்பிரிக்கச் சுரங்கப் பொறியாளர். விட்வாட்டர்ஸ்ரான்ட் தங்கச் சுரங்கங்களில் மாதிரிகளை வைத்துப் பெரிய வளமாகக் கணித்த பகுதிகள் வெட்டிப் பார்க்கும்போது கணித்ததைவிடக் குறைவாகவும், ஏழ்மையாகக் கணித்தவை கொஞ்சம் மேலாகவும் வருவதைப் புள்ளியியல் கொண்டு ஆராய்ந்து 1951-இல் எழுதினார். காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. கைப்பிடி அளவு மாதிரியின் தரம் உச்சிக்கும் போகும், அடிக்கும் போகும். ஆயிரக்கணக்கான டன் கொண்ட பெட்டியின் சராசரி அப்படித் துள்ளாது. பிரான்ஸ் நாட்டு ஜார்ஜ் மாத்ரோன் இந்த எண்ணத்துக்கு 1960-களில் முழுக் கணித வடிவம் கொடுத்து, கிரிகேயின் பெயரையே அதற்குச் சூட்டினார். இன்று கிரிகிங் என்கிறோம்.

கிரிகிங் எடைகளை நாமாக வைப்பதில்லை. பாறையிடம் கேட்டு வாங்குகிறோம். கேட்கும் கருவிக்கு வேரியோகிராம் என்று பெயர். 10 மீட்டர் தள்ளியிருக்கும் மாதிரி ஜோடிகளையெல்லாம் எடுத்து, ஒவ்வொரு ஜோடியின் வித்தியாசத்தையும் வர்க்கப்படுத்தி, சராசரி கண்டு, பாதியாக்குங்கள். பிறகு 20 மீட்டர் ஜோடிகள், 30 மீட்டர் ஜோடிகள். தூரம் கூடக்கூட வித்தியாசம் ஏறிக்கொண்டே போய் ஓர் இடத்தில் சமமாகிவிடும். அந்தத் தூரத்துக்கு ரேஞ்ச் என்று பெயர். அதற்கு அப்பால் ஒரு மாதிரிக்கும் இன்னொன்றுக்கும் உறவில்லை, அடுத்த ஊர் ஆட்கள் மாதிரி. சமமான அந்த உயரத்துக்கு 'சில்' (sill) என்று பெயர். மிக நெருங்கிய ஜோடிகளிலேயே இருந்துவிடும் வித்தியாசத்துக்கு நக்கட் என்று பெயர். கோரின் ஒரு பாதியில் தங்கக் கட்டி சிக்கி, மறுபாதியில் ஒன்றுமே இல்லாமல் போவதிலிருந்து வந்த சொல். தங்கத்தில் இது பெரிய தலைவலி. சுண்ணாம்புக்கல் இந்த விஷயத்தில் சாது.

கடலில் படிந்த அடுக்கில் தரம் பக்கவாட்டில் நெடுந்தூரம் ஒரே மாதிரி ஓடும். மேல்கீழாகச் சில மீட்டரில் மாறிவிடும். அதனால் மாதிரி தேடும் எல்லையைப் பந்துபோல உருண்டையாக வைக்காமல் ஊத்தப்பம் மாதிரித் தட்டையாக வைக்க வேண்டும். அடுக்கு சாயும் பக்கம் அதையும் சாய்க்க வேண்டும். மென்பொருளில் தேடல் நீள்வட்டம் என்று கேட்பது இதைத்தான். உருண்டையாகவே விட்டுவிட்டால் மேலடுக்கின் களிமண்ணும் கீழடுக்கின் நல்ல கல்லும் கலந்து எல்லாப் பெட்டியும் சுமார் ரகமாகத் தெரியும்.

கிரிகிங் மந்திரமும் இல்லை. மாதிரி குறைவாக இருக்கும் இடத்தில் அதுவும் எல்லாவற்றையும் சராசரி நோக்கி வழித்துவிடும். இருபது துளைகளை வைத்துக்கொண்டு வேரியோகிராம் வரைகிறேன் என்று மூன்று நாள் மல்லுக்கட்டுவதைவிட, டொமைனைச் சரியாகப் பிரித்து எளிய தூர எடையில் முடித்துவிடுவது நல்லது என்பது என் கட்சி. எல்லாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

சிமென்ட்டுக்கு மட்டும் ஒரு கண்ணி

சிமென்ட் ஆலையில் கல்லின் தரத்தை எல்எஸ்எஃப் என்ற சுண்ணாம்பு விகிதத்தில் பேசுவார்கள். கால்சியம் ஆக்ஸைடை நூறால் பெருக்கி, சிலிக்காவின் 2.8 மடங்கு, அலுமினாவின் 1.18 மடங்கு, இரும்பு ஆக்ஸைடின் 0.65 மடங்கு ஆகியவற்றின் கூட்டலால் வகுப்பது. எல்லாரும் அதையே கேட்பதால் புதியவர் அதையே பெட்டிக்குள் நேராக மதிப்பிட்டுவிடுவார். செய்யக் கூடாது.

அலுமினாவையும் இரும்பையும் இப்போதைக்கு விடுங்கள். ஒரு கல்லில் சுண்ணாம்பு 50, சிலிக்கா 5. விகிதம் 357. இன்னொன்றில் சுண்ணாம்பு 40, சிலிக்கா 20. விகிதம் 71. இரண்டின் சராசரி 214. ஆனால் இரண்டையும் சம அளவில் உண்மையிலேயே கலந்தால் சுண்ணாம்பு 45, சிலிக்கா 12.5, விகிதம் 129 தான். 214 எங்கே, 129 எங்கே! ஆகவே ஆக்ஸைடுகளைத் தனித்தனியாகப் பெட்டிக்குள் மதிப்பிட்டு, விகிதத்தைக் கடைசியில் கணக்கிட வேண்டும். விகிதமாக இருக்கும் எதற்கும் இதுதான் விதி.

மாடல் முடிந்ததும் உடனே டன் கணக்கு எடுக்க ஓடாதீர்கள். குறுக்குவெட்டு ஒன்றைத் திறந்து துளைகளையும் பெட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நல்ல துளையைச் சுற்றி மோசமான நிறம் இருந்தால் எங்கோ தப்பு. டொமைன் வாரியாக மாதிரிகளின் சராசரியும் பெட்டிகளின் சராசரியும் பக்கம் பக்கமாக வரவேண்டும். அப்புறம் இடத்தை மேற்கிலிருந்து கிழக்காகப் பட்டைபட்டையாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் இரண்டு சராசரிகளையும் வரைபடமாக்கிப் பார்க்கலாம். பெட்டிகளின் கோடு மாதிரிகளின் கோட்டைவிடக் கொஞ்சம் மழுங்கலாகக் கூடவே போனால் நிம்மதி.

ஒவ்வொரு பெட்டியையும் எவ்வளவு நம்பலாம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். இந்தியாவில் இதற்கு ஐ.நா. வகைப்பாட்டு முறை நடைமுறையில் இருக்கிறது. ஆய்வு நிலையை மேலோட்டமான ஜி4-இல் தொடங்கி விரிவான ஜி1 வரை நெருக்கிக்கொண்டே வருவார்கள். பொருளாதாரம், சாத்தியம், நிலவியல் என்ற மூன்றுக்கும் ஒவ்வோர் இலக்கம் வைத்து, நிரூபிக்கப்பட்ட இருப்பை 111 என்றும் ஊகித்த வளத்தை 333 என்றும் குறிப்பார்கள். 111-ஐயும் 333-ஐயும் ஒரே கூட்டலில் சேர்த்து அறிக்கை எழுதுகிறவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

அதற்குப் பிறகு மாடல் திட்டமிடுகிறவர் கைக்குப் போகிறது. உலோகச் சுரங்கம் என்றால் ஒவ்வொரு பெட்டிக்கும் லாபமோ நஷ்டமோ எழுதி, குழியின் மிக லாபமான வடிவத்தைக் கணினி தேடும். லெர்ச்ஸும் கிராஸ்மனும் 1965-இல் கொடுத்த வழிமுறைதான் இன்றும் அதற்கு அடிப்படை. சுண்ணாம்புக்கல்லில் வேலை சமையல் மாதிரி. 50 சதவீத வெட்டுமுகத்திலிருந்து மூன்று பங்கு, 40 சதவீத வெட்டுமுகத்திலிருந்து இரண்டு பங்கு சேர்த்தால் 46 சதவீதம் கிடைக்கும். மாடல் இல்லாத காலத்தில் நல்ல கல்லை முதலில் தின்றுவிட்டு, மட்டக் கல்லைக் கலக்கத் துணை இல்லாமல் விழிப்பது சாதாரணம்.

சுரங்கம் ஓடத் தொடங்கினால் மாடலுக்குத் தினமும் பரீட்சை. வெடி வைக்கப் போடும் துளைகளின் தூளைச் சோதித்து, அந்தப் பெட்டிக்கு மாடல் சொன்ன எண்ணோடு ஒப்பிடலாம். ஒரு பெட்டியில் வித்தியாசம் வருவது சகஜம். மாதக் கணக்கிலும் ஒரே பக்கமாகவே சாய்ந்துகொண்டிருந்தால் டொமைன் கோட்டையோ அடர்த்தி எண்ணையோ மறுபடி திறந்து பார்க்க வேண்டும். அடர்த்தியைப் பலரும் பாடப்புத்தகத்திலிருந்து எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். சிப்பி இடுக்குகளில் பொத்தல் நிறைந்த கல்லுக்கு 2.7 என்று போட்டு, உண்மையில் 2.4 தான் என்றால், மாடலில் உள்ள ஒன்பது டன்னில் ஒரு டன் காகிதத்தில் மட்டுமே இருக்கிறது.

கற்றுக்கொள்ள நினைப்பவர்கள் மென்பொருளுக்கு முன்னால் ஓர் எக்செல் தாளில் நாலு துளை, ஒரே ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டு தூர எடையைக் கையால் கணக்கிடுங்கள். பிறகு அதே நாலு துளையை மென்பொருளில் ஏற்றி அந்தப் பெட்டியின் எண்ணைப் பாருங்கள். முதல் தடவை பொருந்தாது. தூரத்தைப் பெட்டியின் நடுப்புள்ளியிலிருந்து எடுத்தீர்களா, தேடல் எல்லைக்குள் நாலு துளையும் விழுந்ததா, காம்போசிட் நீளம் ஒன்றா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எனக்குத் தேடல் எல்லையில்தான் இடித்தது. நாலாவது துளை 3 மீட்டர் வெளியே இருந்தது.